நன்றிப் பட்டியலில் நாற்பத்தேழாவது பெயர்

வெள்ளிக்கிழமை மாலை சரணியாவின் கைபேசிக்கு வந்து சேர்ந்த படம் ஒன்றும் இரகசியப் படமல்ல. சுவிஸில் உள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது. ‘சின்ன ஊர்ப் பொலிஸ்’ இரண்டாம் பாகம் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓல்டனில் திரைக்கு வருகிறது. அதற்காகப் படக்குழு வெளியிட்ட நன்றி அட்டை அது. இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். அவரவர் தம் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு, ‘எங்கட பேரும் இருக்கு’ என்று நாலு பேருக்கு அனுப்பி மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

சரணியாவுக்கு வந்த பிரதியில் அவளுடைய பெயரை வேறு யாரோ வட்டமிட்டிருந்தார்கள். தெரியாத இலக்கம். கீழே ஒரே ஒரு வரி: ‘வாழ்த்துகள் தங்கச்சி.’

இந்த வாரம்தான் நம் கதைக்குள் வருகிறீர்கள் என்றால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சரணியாவுக்கு வயது இருபத்தேழு. டீட்டிகோனில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. வந்து சேரும் லொறிகளின் கதவில் இருக்கும் சீலின் இலக்கத்தைக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. மார்ச் மாதத்தில் ஒருநாள் இலக்கம் சரியாக இருந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய சீல் நீலமாக இருந்தது. வழியில் யாரோ பழைய சீலை வெட்டி, பூப்பெட்டிகளுக்கு அடியில் போதைத்தூளை அடுக்கி, அதே இலக்கத்தில் வேறு சீல் மாட்டியிருக்கிறார்கள். அந்த லொறிகள் யாருடையவை என்பதும் அவளுக்குத் தெரியும். பயந்து பயந்து பொலிஸிடம் போனாள்.

அவளுடைய பெயர் வெளியே வராது என்று பொலிஸ் சொல்லியிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை அரச வழக்கறிஞர் முன்னால் அவள் சாட்சி சொல்ல வேண்டும். அந்த நாள் எதிர்த்தரப்புக்கும் தெரியும், சாட்சி யார் என்பதுதான் தெரியாது. அவள் சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது. வீட்டில் இதை அறிந்த ஒரே ஆள் அண்ணன் கோபிசன். அந்த ஒரே ஆள்தான் இந்தப் படத்தின் இயக்குநரும்.

சனிக்கிழமை காலை அவள் ஓல்டனுக்கு ரயில் ஏறினாள். ஆரே நதிப் பக்கம் முழுவதும் நவம்பர்ப் பனிப்புகார் இறங்கியிருந்தது.

சினிமா மண்டபத்தில் கோபிசன் ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கிழமை நாட்களில் பாடனில் மின்சார வேலை, சனி ஞாயிறு சினிமா. அவனுக்கு முன்னால் திரையில் ஆளுயரத்துக்கு மேலே அப்பா நின்றார். பொலிஸ் சட்டை, நெஞ்சில் ஒரு வெள்ளி நட்சத்திரம். சுவிஸ் பொலிஸுக்கு அப்படியொரு நட்சத்திரமே கிடையாது. கோபிசன் எவ்வளவோ சொல்லியும் அப்பா குலேந்திரன் கேட்கவில்லை. அம்மா பிஸ்கட் பேணித் தகரத்தை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். முதலாம் பாகத்தில் குடையால் பொக்கற் திருடர்களை அடித்து விரட்டிய அதே சின்ன ஊர் ஷெரீப், இந்தப் பாகத்தில் ஒரு பெரிய கடத்தல் கூட்டத்தோடு மோதுகிறார்.

“இந்த ஊர் சின்னன்தான்! ஆனா நான் சின்னவன் இல்லை!” என்று திரையில் அப்பா கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். பிறகு ஒரு லொறியின் பின்கதவைக் குனிந்து பார்த்தார். கமெரா கிட்டப் போனது. நீலச் சீல்.

சரணியா கைபேசியை வெளியே எடுத்தாள். முன்னோட்டத்தைக்கூட அவள் பார்த்திருக்கவில்லை; அந்தக் காட்சியை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறாள்.

“அண்ணா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு நீ எனக்குச் சத்தியம் பண்ணினனி.”

கோபிசன் திடுக்கிட்டுத் திரும்பினான். “நான் எல்லாம் மாத்தினனான் சரணி. ஊரை மாத்தினன். பூவைத் தக்காளி ஆக்கினன். ஒருத்தருக்கும் விளங்காது.”

“நீலத்தை ஏன் மாத்தேல்லை?”

“திரையிலை எடுப்பாத் தெரியுமெண்டு...” என்று தொடங்கியவன் அவள் நீட்டிய கைபேசியைப் பார்த்ததும் நிறுத்தினான். வாசித்தான். திரும்ப வாசித்தான். “இது நான் போடேல்லை. அம்மாவாணை, நான் போடேல்லை.”

“பின்னை ஆர் போட்டது?”

நன்றி அட்டையை வடிவமைத்த அபிசனுக்குக் கிடைத்த மூலப்பிரதியின் படம் கோபிசனின் கணினியில் இருந்தது. சதுரக்கோட்டுக் கொப்பித்தாளில், பச்சைப் பேனையால், நிமிர்ந்த எழுத்து. அது அப்பாவின் கையெழுத்து.

முதலாம் பாகத்தில் ஒரு சித்தப்பாவின் பெயர் விடுபட்டுப்போய், அவர் இரண்டு வருடம் இவர்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அதனால் இந்த முறை பட்டியலை நானே எழுதுகிறேன் என்று குலேந்திரன் வாங்கிக்கொண்டார். கார் தந்தவர், வீடு தந்தவர், ஒரு நாள் நாய் தந்தவர், ஒருவரையும் அவர் விடவில்லை. அந்த முறை விடுபட்ட இன்னொரு பெயர் சரணியாவுடையது. ‘வீட்டுப் பிள்ளைக்கு நன்றி இல்லையோ அப்பா?’ என்று அவள் அப்போது விளையாட்டாகக் கேட்டிருந்தாள். அவர் அதை மறக்கவில்லை. ஒரு கிழமை முழுக்க அண்ணனும் தங்கையும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்ததைக் கண்டவர், மகள் கதைக்கு உதவுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

நாற்பத்தேழாவது வரி இது: ‘வேலைத்தள விபரங்கள் தந்துதவிய எங்கள் அன்பு மகள் சரணியா குலேந்திரன், டீட்டிகோன்.’ ‘அன்பு’ என்ற சொல் பிறகு யோசித்து மேலே செருகப்பட்டிருந்தது.

“முதலாவது வரியைப் பார்,” என்றாள் சரணியா.

‘வாகன உதவி: தொழிலதிபர் திரு. சுபேசன் அவர்கள்.’

“ஓம், லொறி அவர்தானே தந்தவர்,” என்றான் கோபிசன். அவள் முகத்தைப் பார்த்தான். அவனுடைய முகம் மெல்ல வெளிறியது. “சரணி... அவரோ?”

“ஆரின்ர லொறி எண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு பொலிஸ் சொன்னது. நான் உனக்கும் சொல்லேல்லை.”

சீல் காட்சியை அண்ணன் போட்டான். பெயரை அப்பா போட்டார். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் ஒரு கேடும் இல்லை. இரண்டும் சேர்ந்ததும் அவள் வீட்டுக் கதவு திறந்துவிட்டது.

வழக்கைப் பார்க்கும் பெண் பொலிஸ் அதிகாரி பிரௌ கெல்லருக்கு அவள் வெளியே வந்து தொலைபேசி எடுத்தாள். கெல்லர் பதறவில்லை, ஆனால் வேகமாகப் பேசினார். வீட்டுக்குப் போகவேண்டாம், நேரே சூரிச்சில் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வருவதா இல்லையா என்பது உங்கள் முடிவு, எது என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அப்பா தனியாக இருக்கிறார், அவரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள் சரணியா. அப்படியானால் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கும் என்று கெல்லர் ஒத்துக்கொண்டார்.

மண்டபத்துச் சிற்றுண்டிச்சாலையில் அம்மா யோகாம்பாள் முந்நூறு ரோல்ஸைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைக் கண்டதும், “காலமை சாப்பிட்டியோ?” என்றாள்.

“அம்மா, என்னோடை இப்ப வீட்டை வாங்கோ.”

“இன்னும் ரெண்டு பெட்டி கிடக்கு பிள்ளை. நீ போ. நான் ஒரு மணி ரெயினிலை வாறன்.”

சரணியா ஒரு கணம் நின்றாள். பிறகு போய்விட்டாள். வற்புறுத்திக் கூட்டிப் போகாத அந்த ஒரு கணத்துக்காகத் தன்னையே அவள் திட்டிக்கொள்ளப்போகும் நேரம் தூரத்தில் இல்லை.

டீட்டிகோனில் மூன்றாம் மாடி வீட்டில் அப்போது குலேந்திரன் ஷெரீப் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாடனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை. அங்கே அவரை ‘குலே’ என்பார்கள். ஆனால் முதலாம் பாகம் வந்த பிறகு தமிழ்க்கடைகளில் அவர் ‘ஷெரீப் அண்ணை’. அறுபத்திரண்டு வயதில் கிடைத்த பட்டம் என்பதால் அவருக்கு அது நன்றாகவே பிடித்திருந்தது.

பதினொரு மணிக்கு அழைப்புமணி அடித்தது. சுபேசன்.

டீட்டிகோன் இருக்கும் லிம்மாட் பள்ளத்தாக்கில் சுபேசனைத் தெரியாத தமிழர் இல்லை. கோயில் தேருக்கு அவருடைய லொறி, விளையாட்டுப் போட்டிக்கு அவருடைய வான், செத்த வீட்டுக்கு அவருடைய கதிரைகள். சப்பாத்தைக் கழற்றி, ஜோடியைச் சுவரோடு நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“அண்ணை, நாளைக்கு மேடையிலை உங்களுக்கு மாலை நான்தான் போடுவன். ஒருத்தருக்கும் விடமாட்டன்.”

“ஐயோ தம்பி, எனக்கேன் மாலை!” என்றார் குலேந்திரன். மாலை வேண்டாம் என்கிற முகமாக அது இல்லை. ஓடிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

“முன்னோட்டம் பார்த்தனான் அண்ணை. ஒரு நீலச் சீல் வருது. நல்ல மூளை. கோபிசன் யோசிச்சதோ?”

“அவனோ! அவனுக்கு உதெல்லாம் எங்கை தெரியும்? சரணியா சொல்லச் சொல்ல இவன் எழுதினவன். ஒரு கிழமையா ரெண்டு பேரும் குசினிக்குள்ளைதான்.”

சுபேசன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். “பிள்ளை வேலையிடத்திலை கண்டதோ?”

“வேறை எங்கை! அவளின்ர கண்ணுக்கு ஒண்டும் தப்பாது தம்பி. சின்னனிலை இருந்தே அப்பிடித்தான்.”

“கெட்டிக்காரி. இப்ப வீட்டிலை இல்லையோ?”

“ஓல்டனுக்குப் போட்டாள். தாயும் அங்கைதான். ரோல்ஸ் கொண்டு போனவ, ஒரு மணி ரெயினிலை வருவா.”

சுபேசன் ஒரு இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். “இதைத் தங்கச்சியிட்டைக் குடுங்கோ அண்ணை. நான் வாழ்த்துச் சொன்னதெண்டு சொல்லுங்கோ.” பொறுமையாகச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்.

ஒரு மணிக்குச் சரணியா வந்தபோது கீழே பொலிஸ் கார் நின்றது. அதைக் கண்டு அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மேசையில் இரண்டு கோப்பைகளையும் ஒரு பெட்டியையும் கண்டாள்.

“ஆர் அப்பா வந்தது?”

“சுபேசன் தம்பி வந்தவர்! உனக்குத்தான் இது. ‘தங்கச்சிக்கு வாழ்த்துச் சொல்லுங்கோ’ எண்டவர்.” சுபேசன் வந்ததை, இருந்ததை, கேட்டதை, தான் சொன்னதை ஒன்று விடாமல் குலேந்திரன் சொன்னார். சந்தோசமாகச் சொன்னார். மகள் கதிரையில் உட்கார்ந்த விதத்தைக் கண்ட பிறகுதான் குரல் இறங்கியது. “என்ன பிள்ளை? ஏன் உப்பிடி இருக்கிறாய்?”

அவள் சொன்னாள். எட்டு மாதமாக ஒளித்து வைத்ததை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். பட்டியலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல வழியில்லை.

குலேந்திரன் இஸ்திரிப்பெட்டியை அணைத்தார். அணைத்ததை மறந்து திரும்பவும் போய்ப் பார்த்தார்.

“அப்ப நான்தான்,” என்றார். “பேரை எழுதினதும் நான். அவனுக்குத் தேத்தண்ணி குடுத்து எல்லாத்தையும் சொன்னதும் நான்.”

“உங்களுக்குத் தெரியாதுதானே அப்பா.”

“‘அன்பு மகள்’ எண்டு வேறை போட்டனான்.”

தன் அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. அன்றும் அவர் அழவில்லை. அதைவிட அழுதிருக்கலாம். வாய் திறந்தபடி, நெஞ்சில் நட்சத்திரம் தைத்த சட்டையைக் கையில் பிடித்தபடி, கூட்டத்தில் வழி தவறிய மனிதரைப்போல நின்றார்.

திடீரென்று அவர் கைபேசியை எடுத்தார். அவள் தடுக்க முன்னர் அழைப்பும் போய்விட்டது. ஒலிபெருக்கியில் போட்டார்.

“தம்பி சுபேசன், ஒரு பிழை நடந்துபோச்சு. அந்தச் சீல் விசயம் பிள்ளை சொன்னதில்லை. நான் சொன்னது! முந்தி நான் அந்தக் கிடங்கிலை கிளீனிங் செய்தனான் எல்லோ, அப்ப கண்டது! பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது! பேரைச் சும்மா ஆசைக்குப் போட்டது!”

சுபேசன் குறுக்கிடாமல் கேட்டு முடித்தார்.

“அண்ணை,” என்றார் சுபேசன், மரியாதை குறையாமல். “குறை நினைக்காதேங்கோ. முதலாம் பாகம் பார்க்கேக்கையே நினைச்சனான். பொய் சொல்லேக்கை உங்கட குரல் உசந்து போகுது. உங்களுக்கு நடிப்புச் சரிவராது. நாளைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. முன்வரிசையிலை இருந்து கதைப்பம். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது எண்டு நினைக்கிறன்.”

தொடர்பு அறுந்தது.

சரணியா எழுந்து நின்றாள். அதுவரை இருந்த நடுக்கம் எங்கேயோ போய், கோபம் வந்திருந்தது. மாதக்கணக்காகப் பயந்தவளுக்கு அந்தக் கோபம் உதவியாக இருந்தது. “நான் போவன் அப்பா. செவ்வாய்க்கிழமை போய், என்ர பேரைச் சொல்லியே சொல்லுவன். இனி என்னத்தை ஒளிக்கிறது?”

குலேந்திரன் பதில் சொல்லும் முன்னர் அவள் கைபேசி அதிர்ந்தது. அதே இலக்கம். அதே நன்றி அட்டை. இந்த முறை சிவப்பு வட்டம் கீழே, நூற்றுத்தொண்ணூறாவது வரிப் பக்கம் இருந்தது.

‘சிற்றுண்டி உதவி: திருமதி யோகாம்பாள் குலேந்திரன்.’

சுவர் மணிக்கூட்டில் ஒன்று இருபத்தைந்து. வீட்டைக் காக்கச் சொல்லிப் பொலிஸைக் கேட்டவள் அம்மாவை ஓல்டனில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

குலேந்திரன் ஒலிபெருக்கியில் போட்டு மனைவிக்கு அழைத்தார். மூன்றாவது மணியிலேயே எடுத்தாள். பிள்ளைகளைப்போல அவளும் அவரை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“ஓமப்பா, வந்துகொண்டிருக்கிறன். ரெயின் பிந்தினது. ஸ்டேசனிலை நிக்கேக்கை மதுஷன் கண்டவர். உங்களுக்குத் தெரியும்தானே, சுபேசன் தம்பியின்ர லொறி ஓடுறவர். ‘ஏன் அன்ரி குளிருக்கை நிக்கிறியள், ஏறுங்கோ’ எண்டார். நல்ல மனிசன். கார் நல்ல சூடாக் கிடக்கு.”

சரணியா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பச்சைப் பேனையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“அது நல்லதாப் போச்சு யோகம்,” என்றார். குரல் உயரவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துச் சாதாரணக் குரல். “புகாரோ அங்கை?”

“ஒண்டும் தெரியேல்லை.”

“போர்டு ஏதும் தெரியுதோ? எவ்வளவு தூரம் எண்டு தெரிஞ்சால் நான் சோத்தைப் போட்டு வைப்பன்.”

“பொறுங்கோ... லூசேர்ன் எண்டு கிடக்கு. இந்தப் பாதையாலையும் டீட்டிகோன் வரலாமோ அப்பா?”

“வரலாம் வரலாம். சனிக்கிழமையிலை அதுதான் சனமில்லாத பாதை.” லூசேர்ன் வேறு திசை. அவருடைய நெற்றியில் வியர்வை இறங்கியது. குரலில் அதன் சுவடே இல்லை. “புதுக் காரோ? மதுஷன் கார் வாங்கினதெண்டு கேள்விப்பட்டனான்.”

“ஓம், கறுப்பு. நல்ல உயரம். ஏற நான் பட்ட பாடு!”

சரணியா மற்றக் கைபேசியில் பிரௌ கெல்லரைப் பிடித்துவிட்டாள். பல்கனிக் கதவுக்கு அப்பால் நின்று, கொப்பித்தாளில் எழுதியதை ஜெர்மனில் அவருக்கு வாசித்தாள். லூசேர்ன் பாதை. கறுப்புக் கார். உயரம். ஓட்டுபவர் பெயர்.

“சுரங்கம் ஒண்டும் வரேல்லையோ?” என்றார் குலேந்திரன் உள்ளே. “அதுக்குள்ளை போனால் லைன் வெட்டும்.”

“இன்னும் இல்லை. ஏனப்பா, இண்டைக்கு இப்பிடிக் கதைக்கிறியள்? வீட்டிலை ஒரு சொல்லுக் கதைக்க மாட்டியள்.”

“நாளைக்கு மேடையிலை கதைக்க வேணுமெல்லே. பழகிறன்.”

யோகாம்பாள் சிரித்தாள். முப்பத்தைந்து வருடம் அவர் கேட்ட சிரிப்பு. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

“ரோல்ஸ் எத்தினை மிச்சம்?” என்றார்.

“மிச்சமோ? ஒண்டும்...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவள் வேறு பக்கம் திரும்பி யாருக்கோ ‘ஓம் தம்பி’ என்று சொல்வது கேட்டது.

“பொறுங்கோ அப்பா,” என்றாள். “தம்பி போனைத் தன்னட்டைத் தரட்டாம்.”